சமையலறைக்குப் போன விளக்கு

மகள் தன் முதல் சம்பளத்தில் அந்த விளக்கை வாங்கினாள். வேங்கிக்காலில் புது வீட்டுக்கு நாங்கள் குடிவந்திருந்த சமயம். பித்தளை நிறத் தண்டு, காளான் குடை மாதிரி வெள்ளைத் தலை. ஒயர் கிடையாது. போனுக்குப் போடுவதுபோல சார்ஜ் போட்டுவிட்டு எங்கே வேண்டுமானாலும் தூக்கிப் போகலாம். தலையைத் தொட்டால் எரியும். எனக்குத்தான் அதை எங்கே வைப்பதென்று பிடிபடவில்லை. அவளைப் பெண் பார்க்க வருவதாகச் சொன்ன அன்று டிவி பக்கம், ஷோகேஸ், டீப்பாய் என்று மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன்.

"அதுக்கே தலை சுத்தப்போகுது. உக்காரும்மா" என்றாள்.

எங்கே உட்காருவது? போளூரிலிருந்து சாயங்காலமே வருவதாகச் சொன்னவர்கள் இருட்டியும் வரவில்லை. பௌர்ணமியன்று வரச்சொன்னது என் கணவர். "கிரிவலம், தரிசனம் எல்லாம் முடிச்சிட்டு அப்படியே வந்துருவாங்க" என்றிருந்தார். வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்து எனக்குக் கால் கடுத்துப்போயிற்று.

ஒருவழியாகப் பையனும் அவன் அப்பா அம்மாவும் வந்தார்கள். "கூட்டம் ரொம்ப ஜாஸ்திங்க, வண்டிய எங்கியும் விடல" என்று பையனின் அம்மா சோபாவில் உட்கார்ந்ததும் கரண்ட் போயிற்று. இன்வெர்ட்டர் பேட்டரி ரிப்பேரில் இருந்தது. சகுனம் பார்க்கிறவர்களாக இருந்தால் என்ன செய்வது?

மகள் சாதாரணமாகக் கை நீட்டி, டீப்பாய் மேலிருந்த விளக்கைத் தொட்டாள். எல்லார் முகமும் தெரிந்தது. "இருங்க, காபி போட்டுட்டு வரேன்" என்று அதைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். "நானும் கொஞ்சம் பேசிட்டு வரேங்க" என்று பையனும் எழுந்து பின்னாலேயே போனான்.

பெரியவர்கள் நாலு பேரும் இருட்டில். என் கணவர் போன் டார்ச்சைப் போட்டார். "கண்ணு கூசுதுங்க, அணைச்சிடுங்க" என்றார் பையனின் அப்பா. சமையலறை வாசலில் மட்டும் மஞ்சள் வெளிச்சம். தணிந்த குரலில் ஏதோ பேச்சு. பிறகு இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். பையனின் அம்மா என் கையைத் தேடிப் பிடித்து அழுத்தினார். நான் மனசுக்குள் மண்டபமே பிடித்துவிட்டேன்.

அவர்கள் கிளம்பியதும் கேட்டேன், "என்னடி, பிடிச்சிருக்கா?"

"நல்லவர்தாம்மா. ஆனா எனக்கு இப்ப கல்யாணம் வேணாம். அவருக்கும் வேணாமாம். வீட்ல அவரே சொல்லிக்கிறேன்னாரு."

"அப்புறம் எதுக்கு அந்தச் சிரிப்பு?"

"எப்படிச் சொல்றதுன்னு நான் முழிச்சிட்டு இருந்தேன். அவரும் அதுக்குத்தான் முழிச்சிட்டு இருந்தாராம். தெரிஞ்சதும் சிரிப்பு வந்துருச்சு."

எனக்கு வந்த கோபத்தில் டம்ளர்களை உடைக்காத குறையாகக் கழுவினேன். ஆனாலும் அந்தச் சிரிப்பு காதிலேயே நின்றது. வேலை தேடி அலைந்த காலம் முழுக்க அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

மறுநாள் காலையில் பையனின் அம்மா போன் செய்தார். எடுப்பதா வேண்டாமா என்று தவித்துத்தான் எடுத்தேன்.

"உங்க பொண்ணு என்னங்க சொல்லுச்சு? எங்க பையன் வாயே தொறக்க மாட்டேங்கிறான்."

"அவரையே கேட்டுப் பாருங்க" என்றேன். என் குரலிலேயே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"சரிங்க, எதுவா இருந்தாலும் ஒரு நாள் எங்க வீட்டுக்கு வாங்க" என்றார்.

அடுத்த மாதமே பஸ் ஏறிப் போளூர் போய் அந்த அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.