‘இத்த’ இல்லை, ‘இதை’

என் நண்பன் எடுத்த முப்பத்தைந்து நிமிடப் படத்தில் நான் நடித்திருக்கிறேன். பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே ஒரு காட்சியைத்தான் சொல்கிறார்கள். “எப்படி சார் அப்படி நடிச்சீங்க?” என்று கேட்கிறார்கள். அங்கே நான் நடிக்கவே இல்லை. அந்தப் பாராட்டைக் கேட்டுக்கொண்டு இத்தனை மாதம் சும்மா இருந்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நண்பன் வில்லியனூரில் ஸ்டூடியோ வைத்திருந்தவன். சுற்றியுள்ள ஊர்களில் முப்பது வருடம் கல்யாணமும் காதுகுத்தும் மஞ்சள் நீராட்டும் அவன் கேமராவில்தான் பதிவாயின. கையில் போன் இல்லாத ஆளே இல்லை என்றான பிறகு ஸ்டூடியோவை மூடினான். நானாக இருந்தால் அதோடு ஓய்ந்திருப்பேன். அவனோ மிச்சமிருந்த கேமராவையும் ஒரே ஒரு காலர் மைக்கையும் துடைத்து வைத்துக்கொண்டு, “இனிமே நமக்குப் புடிச்சத எடுப்போம்டா” என்றான். வாழ்நாளெல்லாம் “இங்க பாருங்க, இங்க பாருங்க” என்று கத்தியவன், அறுபத்தாறு வயதில் “இங்க பாக்காதீங்க” என்று சொல்லப் பழகினான். அந்த வயதில் தன் தொழிலையே தலைகீழாகத் திருப்பிக் கற்ற வேறு ஒருவரை நான் பார்த்ததில்லை.

கதை சிறியது. ஒருவன் மனைவியிடம் சொல்லாமல் நிலத்தை மனை போடுகிறவர்களுக்கு விற்றுவிடுகிறான். ஒரு காலையில் அவள் வயலுக்கு வருகிறாள். வரப்பு ஓரமெல்லாம் மஞ்சள் பூசிய மனைக்கல். அவள் கேட்கிறாள், அவன் தலைகுனிந்து நிற்கிறான். அந்தக் கணவன் நான்.

வசனத்தில் எழுத்துப்பிழை பார்த்துத் தரச்சொல்லி என்னிடம் கொடுத்தான். நான் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவன். சிவப்புப் பேனாவை எடுத்து, பிழையோடு நில்லாமல் வசனம் முழுவதையும் திருத்தி எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, “சூப்பர்டா. செய்தி வாசிக்கிற மாதிரியே இருக்குது” என்றான். அதற்குப் பிறகு அந்தத் தாள்களை யாரும் பார்க்கவில்லை.

மனைவியாக நடித்தவர் பண்டசோழநல்லூர்க்காரர். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற அம்மா, ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அவருக்கு வசனமே தரவில்லை. நண்பன் அவர் பக்கத்தில் வரப்பில் உட்கார்ந்து, நடந்தது இதுதான் என்று ஊர்ச்செய்தி சொல்வதுபோல் கதையைச் சொன்னான்.

“இப்ப அந்த ஆளு உன் எதிர்ல நிக்கிறான். நீ இன்னா கேப்பியோ அத்தக் கேளு.”

“அடிக்கலாமாண்ணே?”

“தோணுனா அடி. வாத்தியாரு தாங்குவாரு.”

அந்த வழியாகப் பாலெடுத்துக்கொண்டு சைக்கிளில் போனவர், “இன்னா வாத்தியாரே, இந்த வயசுல ஜோடி சேத்துட்டீங்க” என்றார். நண்பனின் மனைவி வெளிச்சத்துக்காகத் தெர்மாகோல் அட்டையைப் பிடித்து நின்றிருந்தார். அட்டை குலுங்குகிற அளவுக்குச் சிரித்தார்.

இடம் கரிக்கலாம்பாக்கத்தை ஒட்டிய ஒரு வயல். மனைக்கல் உண்மையாகவே நட்டிருந்தார்கள். காலை பத்து மணிக்கு மண் அடிக்க லாரி வரும், அதுவரை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அனுமதி. பத்து மணிக்குப் பிறகு அந்த வயல் இருக்காது. அந்தக் காட்சி இல்லையென்றால் படமும் இல்லை. ஏழரை மணிக்குக் கேமரா ஓட ஆரம்பித்தது. இருந்த ஒரே மைக்கை அந்த அம்மாவின் புடவையில் குத்தியிருந்தான். எனக்குத்தான் பேச்சே இல்லையே.

அவர் வரப்பில் நடந்து வந்தார். முதல் கல்லைப் பார்த்து நின்றார். என்னைப் பார்த்தார்.

“இன்னாத்துக்குயா வித்த?” சத்தம் போடவில்லை. “என்ன ஒரு வார்த்த கேட்டியா? சோறு வேணும்னு கேக்கற, கொழம்பு வேணும்னு கேக்கற. இத்தக் கேக்கலியே.” குனிந்து கல்லின் பக்கத்தில் இருந்த மண்ணைத் தொட்டார். அழுகையில் அவர் தோள் ஆடியது. “இருவது வருசமா இத்த நட்டது யாரு? நீயா? நானுயா. இத்த நானு…”

நான் சொன்னேன்: “‘இத்த’ இல்ல. ‘இதை’.”

அவர் வாய் அப்படியே நின்றது. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வாயை மூடினார். புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு வரப்பின் மேல் திரும்பி நடந்தார். நண்பன் ‘கட்’ சொல்லவில்லை. தூரத்துப் பனைமரம்வரை அவர் நடந்து போகிறதைக் கேமரா பார்த்துக்கொண்டே இருந்தது.

பிறகு அவன் என்னிடம் வந்தான். “ஒனக்கு ஒரே ஒரு வேல குடுத்தேன் வாத்தியாரே. வாய மூடிகினு நிக்கிற வேல.” சொல்லிவிட்டுச் சிரித்தான்.

பத்து மணிக்குள் ஆறு முறை திரும்ப எடுத்தான். அந்த அம்மா ஆறு முறையும், “இதை நட்டது யார்?” என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் என் முகத்தைப் பார்த்துச் சரிதானா என்று தயங்கினார். அவரிடமிருந்து அழுகை வரவில்லை. லாரி வந்தது. எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம்.

பழக்கதோஷம், வாய் தவறிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். முப்பத்திரண்டு வருடம் ‘இத்த’, ‘அத்த’, ‘இன்னா’ மூன்றையும் பிள்ளைகள் வாயிலிருந்து விரட்டியவன் என்பதால் எல்லோரும் நம்பினார்கள். அது பொய். அவர் முதல் முறை ‘இத்த’ என்றபோது நான் சும்மாதான் இருந்தேன். பிறகு நண்பனைப் பார்த்தேன். கேமராவுக்குப் பின்னால் அவன் கண் நிறைந்திருந்தது. அவன் மனைவி அட்டையைத் தாழ்த்திவிட்டு அந்த அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னை யாரும் பார்க்கவில்லை. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத ஒருவர் முன்னால் நான் மனைக்கல்லைப்போல நின்றிருந்தேன். அது பொறுக்கவில்லை. யோசித்துத்தான் சொன்னேன்.

ஒரு வாரம் கழித்து நண்பன் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டு முதல் டேக்கைப் போட்டுக் காட்டினான். என் வாய் அசைகிறது, குரல் காற்றில் போய்விட்டது.

“கதைய மாத்திட்டேன். புருசன் இப்ப வாத்தியாரு. அப்பன் சொத்து அவன் பேர்ல, பாடுபட்டது அவ. நீ சட்டைல பேனா குத்திகினு மடுகரை ரோட்ல சைக்கிள்ல போற மாதிரி ரெண்டு ஷாட் போதும். இத்த மட்டும் டப்பிங் பேசணும்.”

என் அற்பத்தனத்தை எடுத்து அவன் படத்துக்கு முதுகெலும்பாக வைத்துவிட்டான். எனக்கு அந்தக் காட்சி ஒரு விபத்து. அவனுக்கு அதில் கதையே தெரிந்திருக்கிறது.

“ஆனா ஒன்னு. இத்தப் போட்டா ஊரு ஒன்னக் காறித் துப்பும். வேணாம்னா சொல்லு, தூக்கிடறேன்.”

“தூக்கினா?”

“அந்தம்மா அழுதது போவும். நடந்து போறது போவும். மத்த ஆறும் ஒன்னுத்துக்கும் ஒதவாது.”

யோசிக்க மூன்று நாள் அவகாசம் கேட்டேன். படத்தை முதலில் பார்க்கப்போகிறவர்கள் பாகூர் பக்கத்தில் என்னிடம் படித்தவர்கள்தான். வேண்டாம் என்று சொல்ல இரண்டு முறை போனை எடுத்தேன். அந்த அம்மா பனைமரம்வரை நடந்தது கண்ணிலேயே நின்றது. நான்காம் நாள் மத்தியானம் போனேன்.

நடு அறையில் மெத்தைகளைச் சுவரோரம் நிறுத்தி, மின்விசிறியை நிறுத்தி, கதவை அடைத்திருந்தான். திரையில் என் வாய் அசையும்போது நான் சொல்ல வேண்டும். சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் அதற்கு முன்னால் அவர் அழுகிறதைக் கேட்க வேண்டியிருந்தது. என் குரல் மன்னிப்புக் கேட்கிற மாதிரியே வந்தது.

நண்பன் ஹெட்போனைக் கழற்றினான். “அன்னிக்கி இருந்த திமிரு வர்ல.”

வயலிலேயே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் சிரித்திருக்கிறான்.

அவன் போன் செய்து அந்த அம்மாவை வரவழைத்தான். அவர் வந்து என் எதிரே பாயில் உட்கார்ந்தார். அவரை மறுபடி திருத்துவதற்கு முன் நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது. “அன்னைக்கு வாய் தவறிச் சொல்லலம்மா” என்றேன்.

“தெரியும் சார். வாய் தவறுனவங்க மூஞ்சி அப்படியா இருக்கும்?” அவர் குரலில் கோபம் இல்லை. “அன்னிக்கி நானு வெக்கப்பட்டுட்டேன். இன்னிக்கி வெக்கப்பட மாட்டேன். என்னப் பாத்து சொல்லுங்க சார். சீக்கிரம் சொல்லுங்க, ஆட்ட அவுத்து ஓட்டணும்.”

அவரைப் பார்த்துச் சொன்னேன். அன்றைக்கு வந்த அதே குரல் வந்தது. தேட வேண்டியிருக்கவில்லை, பக்கத்திலேயே இருந்தது.

நண்பன் தலையை மட்டும் அசைத்தான். திரையில் அவர் வாயை மூடிக்கொண்டு வரப்பில் நடந்துகொண்டிருந்தார். எதிரே இருந்தவர் என்னை விட்டுவிட்டு முழங்காலால் நகர்ந்து திரைக்குக் கிட்டே போனார்.

“ஏண்ணே,” என்றார், “நானு நல்லா நடந்து போறேன் இல்ல?”