சிவப்புப் பேனா கிழித்த கோடு

தென்காசியில் மனநல நர்ஸிங் டியூட்டராக இருந்தபோது மாணவிகள் எனக்கு வைத்த பெயர் 'சிவப்புப் பேனா'. தப்பு கண்டுபிடிப்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். என் தப்பை ஒருத்தி கண்டுபிடித்த கதை இது.

சாரல் சீசன். மாணவிகளின் உடம்பு வார்டில், மனசு குற்றாலத்தில். ராயகிரி விவசாயி ஒருவர் இருபது வயதுப் பிள்ளையை எங்கள் மனநல வார்டில் அட்மிட் செய்திருந்தார்.

"எம் மவன் தான் பொண்ணுங்கான் டீச்சர். புத்தி பேதலிச்சு கோட்டி புடிச்சிருக்கு. மூணு நாளா பச்சத்தண்ணி இறங்கல" என்று அழுதார். இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து, "ஏலே, ஒரு வாய் தின்னுலே" என்று கெஞ்சுவார். அந்த முகம் சுவரைவிட்டுத் திரும்பாது.

மூன்றாம் வருட மாணவி பிரிஸ்கில்லாவிடம் மட்டும் பேச்சு வந்தது. "நான் பொண்ணுக்கா. என் பேரு செல்வி." அதை அப்படியே நர்ஸஸ் நோட்ஸில் எழுதியிருந்தாள். "இதுக்குப் பேரு டெலூஷன். சரியான வார்த்தையப் போடு" என்று அதட்டி எழுதவைத்து, கீழே கையெழுத்தும் போட்டேன். நான் படித்த பழைய பாடம் அவ்வளவுதான்.

மறுநாள் நோட்ஸோடு வந்து நின்றாள்.

"மேடம், டெலூஷன்னா இல்லாதத இருக்குன்னு நம்புதது. ஆனா தன் உடம்பு ஆம்பள உடம்புன்னு செல்விக்கு நல்லாத் தெரியுதே. தெரிஞ்சதுனாலதான என்கிட்ட சொல்லி அழுதாங்க? இதுல பொய் நம்பிக்கை எங்க இருக்கு?"

முதலில் கோபம்தான் வந்தது. பிறகுதான் புதிய பாடப் புத்தகத்தைத் திறந்தேன். மனம் உணரும் பாலினமும் உடம்பும் ஒத்துப்போகாததால் வரும் வேதனைக்குத்தான் ஜெண்டர் டிஸ்போரியா என்று பெயர். வேதனைக்குச் சிகிச்சை உண்டு; செல்வி தன்னைப் பெண்ணாக உணர்வது நோயே இல்லை. வெட்கமாக இருந்தது. டாக்டரிடம் போய் என் தப்பைச் சொன்னேன். அவர் செல்வியிடம் நெடுநேரம் பேசிவிட்டு, டெலூஷன் இல்லை என்றார்.

நோட்ஸில் தப்பை அழிக்கக் கூடாது. ஒற்றைக் கோடு கிழித்துப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பிரிஸ்கில்லா பார்க்கக் கோடு கிழித்தேன். அவளுடைய பழைய வாக்கியத்தையே மறுபடி எழுதச் சொன்னேன்.

டாக்டர் எடுத்துச் சொன்ன பிறகும் செல்வியின் அப்பா என்னிடம் வந்தார். "கோட்டின்னா மருந்து உண்டும்லா. இல்லன்னு சொல்லுதியளே, நான் என்ன செய்ய?"

"பேரச் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்க, அண்ணாச்சி."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மறுநாள் காலை பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே "ஏலே" என்று வாயெடுத்தவர், நிறுத்தினார்.

"செல்வி... சாப்பிடும்மா."

செல்வி திரும்பினாள். இரண்டு இட்லி சாப்பிட்டாள். பிரிஸ்கில்லா ஓடிவந்து சொன்னபோது எனக்கும் கண் கலங்கிவிட்டது.

நர்ஸிங் படிக்கும் பிள்ளைகளே, நோயாளி சொன்னதை நோயாளியின் வார்த்தையிலேயே எழுதுங்கள். மாற்றச் சொல்வது நானே ஆனாலும் மாற்றாதீர்கள்.