ஆளில்லாத தொகுதியும் எண்பத்து மூன்று பேரும்

அர்த்தநாரி வாத்தியாருக்கு இரண்டு ஊர்களின் வரலாறு மனப்பாடம். ஒன்று, அயர்லாந்தின் தென்கிழக்குக் கடற்கரையில் இருந்த பானோ. அங்கே அவர் போனதில்லை. இன்னொன்று, கொல்லிமலையில் திருப்புலி நாட்டுப் பக்கம் இருக்கும் புங்கவளவு. அங்கிருந்து அவரால் போக முடியவில்லை.

ராசிபுரத்துக்காரர். வயது நாற்பத்தொன்பது. புங்கவளவுப் பள்ளிக்கூடத்துக்கு ஆர்டர் வந்தபோது, "மூணு வருசம் கண்ண மூடிட்டு இருந்தா கீழ எறங்கிரலாம்" என்று மனைவி கோகிலவாணியிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினார். பதினோரு வருடம் ஆகிறது. கண்ணைத் திறந்தபாடில்லை. வருடத்துக்கு ஒரு மாறுதல் மனு எழுதுவார். 'காரணம்' என்ற இடத்தில் முதல் வருடம் ஒன்றரைப் பக்கம் எழுதினார். அதற்கப்புறம் அரைப் பக்கம். இப்போதெல்லாம் "முழங்கால்" என்று ஒரே சொல்தான்.

பிஎச்.டி. முடித்தால் மாறுதல் லேசாகக் கிடைக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பதிவு செய்தார். வழிகாட்டிப் பேராசிரியரின் அறையில் ஓர் அட்டைப்பெட்டி கிடந்தது. முன்பு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த பையன் வங்கி வேலை கிடைத்துப் போனபோது விட்டுவிட்டுப் போன ஜெராக்ஸ் கட்டுகள். பேராசிரியர் அந்தப் பெட்டியைக் காலால் தள்ளி, "இதுலயே பண்ணிருங்க" என்றார். அப்படித்தான் ராசிபுரத்துக்காரருக்கும் பானோ என்ற பழைய ஐரிஷ் நாடாளுமன்றத் தொகுதிக்கும் சம்பந்தம் ஏற்பட்டது. நிச்சயித்த கல்யாணம் மாதிரிதான். பிடித்திருக்கிறதா என்று இரண்டு பக்கமும் கேட்கவில்லை.

பானோவின் கதை சுருக்கமானது. ஒரு காலத்தில் துறைமுகம், கடைத்தெரு எல்லாம் இருந்த ஊர். டப்ளினில் இருந்த நாடாளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பும் உரிமை அதற்கு இருந்தது. பிறகு மணல் ஏறியது. துறைமுகம் தூர்ந்தது, வீடுகள் புதைந்தன, ஜனங்கள் போய்விட்டார்கள். உரிமை மட்டும் போகவில்லை. ஆளில்லாத அந்த மணல்மேட்டின் பேரால் நூறு வருடத்துக்கு மேல் இரண்டு உறுப்பினர்கள் டப்ளினில் உட்கார்ந்திருந்தார்கள். மிச்சமிருந்த ஒரு புகைபோக்கியின் பக்கத்தில் நின்று தேர்தலை நடத்துவார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். ஆயிரத்து எண்ணூறில் அந்த நாடாளுமன்றமே லண்டனோடு இணைக்கப்பட்டபோதுதான் தொகுதியும் ஒழிந்தது.

புங்கவளவில் மணல் இல்லை. ஆட்கள் இருக்கிறார்கள். முப்பத்தொரு வீடு, எண்பத்து மூன்று ஓட்டு. சாமை, மரவள்ளி, மிளகு. பள்ளிக்கூடத்தில் ஏழு பிள்ளைகள். தேர்தல் வந்தால் அந்தப் பள்ளிக்கூடமே வாக்குச்சாவடி. அதற்கு வாக்குச்சாவடி நிலை அலுவலர் அர்த்தநாரியேதான். பதவியின் பெயர் நீளம், வேலை அதைவிட நீளம். பட்டியலில் இருப்பவர் இருக்கிறாரா, செத்தவர் நிஜமாகவே செத்தாரா என்று வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டும். கேட்ட வீட்டிலெல்லாம் மரவள்ளிக்கிழங்கு வேகவைத்துக் கொடுப்பார்கள். தின்னாமல் வந்தால் கோபித்துக்கொள்வார்கள்.

போன வருடம் கீழேயிருந்து ஒரு கடிதம் வந்தது. நூறு ஓட்டுக்குக் குறைந்த சாவடிகளைப் பக்கத்துச் சாவடியோடு சேர்க்கலாமா என்று பரிசீலனை நடக்கிறது, அதிகாரி நேரில் வந்து பார்ப்பார், ஊராரைக் கேட்டு ஒரு தேதி சொல்லவும் என்று இருந்தது. பக்கத்துச் சாவடி என்பது ஓடைப்பட்டி. வரைபடத்தில் அது விரல் அகலம். காலால் போனால் ஆறு கிலோமீட்டர். போகும்போது இறக்கம், வரும்போது ஏற்றம், நடுவில் ஓர் ஓடை. மழைக்காலத்தில் அந்த ஓடை யாரைக் கடக்க விடும் என்பது அதன் இஷ்டம்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு அர்த்தநாரி ஊர்க்கவுண்டர் சென்றாயனிடம் போனார். அங்கே கண்ணாயி மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சென்றாயனின் தம்பி மனைவி. நாற்பத்தைந்து வயது. யார் பேச்சையும் பாதியில் பிடுங்கிக்கொள்வாள்.

"ஓட்டுப் போடறதுக்கு ஓடைப்பட்டிக்கு நடக்கறதா?" என்றாள். "அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா நடந்துட்டுப் போறமுங்க வாத்தியாரே, அது ஒண்ணும் பெருசில்ல. ரேசன் வண்டி?"

"வண்டிக்கும் ஓட்டுக்கும் சம்பந்தமில்லம்மா."

"அப்பிடீங்களா. பதினாலு வருசத்துக்கு முன்னால ஓட்டுப் பெட்டி இங்க வரல. வண்டியும் வரல. அரிசிய ஓடைப்பட்டியில வாங்கித் தலையில வெச்சுட்டு வந்தமுங்க. கழுத்து இன்னம் ஒரு பக்கமாத்தான் திரும்புது, பாருங்க." திருப்பிக் காட்டினாள். "பெட்டி வந்த மறு வருசம் வண்டி வந்துச்சு. பெட்டி போனா வண்டியும் போகும். சம்பந்தமில்லைன்னு நீங்க சொல்லி அரிசி மேல ஏறாதுங்க."

 வரலாறு படித்தவர் என்ற முறையில், ஓட்டில்லாத ஊரைத் தேடி வண்டி வந்ததற்கு ஓர் ஆதாரமும் அர்த்தநாரி எங்கும் படித்ததில்லை. அதனால் சென்றாயனைப் பார்த்து, "அதிகாரி வரணும். ஒரு நல்ல நாளாப் பாத்துச் சொல்லுங்க" என்றார்.

நடந்ததெல்லாம் இந்த ஒரு வாக்கியத்தால் நடந்தது.

சென்றாயன் சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் புரட்டினார். விரலை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். "வர்ற தசமி, புதன்கெழமை. இந்த மாசத்துலயே அத விட நல்ல நாள் இல்லீங்க சாமி."

தேதி கீழே போயிற்று. அந்தப் புதன்கிழமை அர்த்தநாரியையும் கீழே கூப்பிட்டுவிட்டார்கள், பயிற்சிக்கு. வாக்காளர்களை நேரில் அடையாளம் காண்பது எப்படி என்பது தலைப்பு. புங்கவளவுக்கு அதிகாரி ரோஸ்லின் மட்டும் வந்தார். ஆத்தூர்க்காரர், துணை தாசில்தார். எழுபது கொண்டைஊசி வளைவையும் வாயில் எலுமிச்சம்பழத்தை வைத்துக் கடந்து, மண்பாதையில் மூன்று கிலோமீட்டர் நடந்து, முப்பத்தொரு வீட்டையும் பார்த்தார். எல்லாக் கதவும் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. அடுப்பில் சூடில்லை. குரைக்க ஒரு நாய்கூட இல்லை. அரைமணி நேரம் காத்திருந்துவிட்டு, 'வசிப்பவர் எவரும் காணப்படவில்லை' என்று எழுதிக்கொண்டு இறங்கிவிட்டார்.

அர்த்தநாரி வியாழக்கிழமை மேலே வந்து இதைக் கேட்டபோது பள்ளிக்கூடப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சென்றாயன் சாவகாசமாக விளக்கினார். மாசத்திலேயே நல்ல நாள் அது. அதனால்தான் சாமி கும்பிடையும் அன்றைக்கே வைத்திருந்தார். அந்த ஊர் வழக்கப்படி சாமி கும்பிடும் நாளை ஊர்க்கவுண்டர் வெளியாட்களுக்கு முன்கூட்டிச் சொல்லக்கூடாது. கும்பிடு அன்று ஊரில் அடுப்பு எரியக்கூடாது. ஆள், ஆடு, நாய் எல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் சோலைக்குள் இருக்கும் சாமியிடம் போய்விட வேண்டும்.

"வர்றவங்க அங்க வருவாங்கன்னு நெனச்சேனுங்க. அவங்களுக்குன்னு கறி எடுத்து வெச்சிருந்தம்."

"ஊட்ட எண்ண வந்தவங்க சோலைக்குள்ள எதுக்குங்க வருவாங்க?"

"ஊருன்னா சாமி இருக்கிற எடந்தானுங்களே. ஊட்ல என்னத்தப் பாக்கறது?"

அர்த்தநாரிக்குக் கோபப்படவும் தெம்பில்லை. பானோவில் ஆளே இல்லை, ஆனாலும் தொகுதி இருந்தது, இங்கே எண்பத்து மூன்று பேர் கறிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ஊர் இல்லை என்றாகிவிட்டது என்று அவர் புலம்பினார். சென்றாயன் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"அந்த ஊர மண்ணு மூடிருச்சுங்களா?"

"மூடிருச்சு."

"கோயிலு?"

"ஒரு பழைய தேவாலயம் நிக்குது. கூரையில்லாம."

"அப்புறம் ஊரு இல்லைன்னு எப்பிடிங்க சொல்லுவீங்க?" என்றார் சென்றாயன். பத்து வருட ஆராய்ச்சியில் அர்த்தநாரிக்குத் தோன்றாத கோணம். அதை ஆய்வேட்டில் அடிக்குறிப்பாகப் போடலாமா என்று ஒரு வாரம் யோசித்தார். சென்றாயனை எப்படி மேற்கோள் காட்டுவது என்பது விதிமுறைப் புத்தகத்தில் இல்லை. விட்டுவிட்டார்.

மறுபடி பார்வையிட வேண்டும் என்று மனு எழுதினார். மூன்று முறை எழுதினார். மூன்றாவது மனுவுக்குப் பதில் வந்தது. ஒரே ஒரு வாய்ப்பு, ஒவ்வொரு வாக்காளரும் தாம் இங்கே வசிப்பதாக அதிகாரி முன் கையெழுத்தோ ரேகையோ வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சாவடி ஓடைப்பட்டியோடு சேரும்.

இந்த முறை அர்த்தநாரி உஷாராக இருந்தார். "நல்ல நாளே வேண்டாமுங்க. ஊர் மொத்தமும் ஊட்ல இருக்கிற மாதிரி ஒரு கெட்ட நாளாப் பாத்துச் சொல்லுங்க" என்றார்.

சென்றாயன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஊர்க்கவுண்டராக இருபது வருடத்தில் கெட்ட நாள் கேட்டு யாரும் வந்ததில்லை. ஆனாலும் விரலை வைத்துத் தேடினார். "நவமி, வெள்ளிக்கெழமை. அன்னிக்கு ஒருத்தரும் மண்ணு வெட்டற கொத்தத் தொடமாட்டாங்க, காட்டுக்குப் போகமாட்டாங்க. எல்லாம் ஊட்லதான் கெடக்கும்."

வெள்ளிக்கிழமை ரோஸ்லின் வந்தார். மண்பாதையில் பாதி தூரம் வரும்போதே நாய்கள் குரைத்தன. அர்த்தநாரிக்கு அது மேளச்சத்தம் மாதிரி கேட்டது. எல்லா வாசலிலும் ஆட்கள். ரோஸ்லின் பள்ளிக்கூட நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்.

"நான் எழுதினது பொய் இல்லீங்க சார்," என்றார் முதல் வேலையாக. "கண்ணால பாத்ததத்தான் எழுதினேன்."

"பொய்யின்னு யாருங்க மேடம் சொன்னாங்க. நாங்க இல்லாதது நெசந்தான்" என்றார் அர்த்தநாரி.

மதியத்துக்குள் எண்பத்து மூன்று பேரும் வந்து நின்றாகிவிட்டது. ரோஸ்லின் ஒவ்வொருவராக முகம் பார்த்து, படம் பார்த்து, டிக் அடித்தார். பிறகு படிவக் கட்டையும் மைப்பெட்டியையும் மேசையில் வைத்து, "வரிசையா வந்து கையெழுத்துப் போடுங்க" என்றார்.

யாரும் நகரவில்லை.

"ஏனுங்க?" என்றார் அர்த்தநாரி.

சென்றாயன் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். "நவமியில கொத்தையே தொடமாட்டோமுங்க. பேனாவத் தொடுவமா?"

"நேத்தே சொல்லக்கூடாதுங்களா?"

"நீங்க இருக்கிறதுக்குத்தான நாள் கேட்டீங்க. கையெழுத்துக்குக் கேக்கலீங்களே."

அர்த்தநாரி சுவரில் சாய்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டார். உள்ளே ரோஸ்லின் மைப்பெட்டியை மூடினார், திறந்தார். மூன்றரைக்கு மலையிலிருந்து கீழே போகும் பஸ். அதைப் பிடிக்க இரண்டரைக்குக் கிளம்ப வேண்டும். விஷயம் அவருக்குச் சொல்லப்பட்டபோது அவர் சிரிக்கவும் இல்லை, கத்தவும் இல்லை. "எப்ப முடியுது நவமி?" என்று மட்டும் கேட்டார்.

நாள்காட்டித் தாளைக் கிழித்துக்கொண்டு வந்தார்கள். மாலை நாலு பத்து வரை நவமி, பின்பு தசமி.

"பஸ் போயிரும் மேடம்."

"போகட்டும் சார். எனக்கும் அஞ்சு மாறுதல் மனு நிலுவையில இருக்குது. ஒரு பஸ் போனா என்ன." ரோஸ்லின் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினார். கண்ணாயி மரவள்ளிக்கிழங்கும் மிளகாய்ச் சட்னியும் கொண்டுவந்து வைத்தாள்.

காத்திருந்த நேரத்தில் அர்த்தநாரி, வேறு பேச்சு இல்லாததால், பானோவைப் பற்றிச் சொன்னார். மணல், புகைபோக்கி, இரண்டு உறுப்பினர்கள். பிள்ளைகள்கூட அமைதியாகக் கேட்டன. அவர் வகுப்பில் என்றைக்கும் வராத அமைதி.

"கடைசியில அந்தத் தொகுதிய எடுத்துட்டாங்களா?" என்றார் ரோஸ்லின்.

"எடுத்துட்டாங்க. அத ஆண்டுட்டிருந்த பெரிய மனுசங்களுக்கு நஷ்டஈடு பதினஞ்சாயிரம் பவுண்டு."

கண்ணாயி கிழங்குத் தோலைக் கையில் வைத்தபடி நின்றாள். "ஆளே இல்லாத ஊருக்கா?"

"ஆமா."

"அப்ப எங்க பெட்டிய எடுத்தா யாருக்குக் குடுப்பாங்க?"

ரோஸ்லின் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று ஐம்பது. அர்த்தநாரியும் பார்த்தார். அதே மூன்று ஐம்பதுதான் அவருக்கும்.

நாலு பதினொன்றுக்குக் கண்ணாயி முதல் ஆளாகப் போய்ப் பெரிய எழுத்தில் பெயர் எழுதினாள். கழுத்து ஒரு பக்கமாகவே திரும்புவதால் எழுத்தும் அந்தப் பக்கமே சாய்ந்தது. அவளுக்குப் பின்னால் எண்பத்திரண்டு பேர். ரேகை வைத்த கட்டைவிரல்களைப் பள்ளிக்கூடச் சுவரில் துடைத்தார்கள். அன்றைக்கு ரோஸ்லின் அந்த ஊரிலேயே தங்கிவிட்டு மறுநாள் காலை இறங்கினார்.

ஒரு மாதம் கழித்து உத்தரவு வந்தது. அர்த்தநாரி அதைச் சென்றாயன் வீட்டு வாசலில் நின்று வாசித்துக்காட்டினார். புங்கவளவு வாக்குச்சாவடி, வாக்காளர் எண்பத்து மூன்று, வரும் தேர்தலுக்கு மட்டும் தொடரலாம்.

"மட்டும்னா?" என்றாள் கண்ணாயி.

"அடுத்த வாட்டி மறுபடி வந்து எண்ணுவாங்க."

"நாங்க எங்கியும் போகமாட்டமே."

"போகலைன்னு மறுபடி காட்டணும்மா."

அவள் மிளகைக் கிளறிவிடப் போனாள். அந்த மாதம் ரேஷன் வண்டி வந்தது, வழக்கம்போல் நான்கு நாள் தாமதமாக. அர்த்தநாரியின் மாறுதல் மனு திரும்பிவந்தது. பானோ ஆய்வேட்டுக்கு இன்னும் ஓர் அத்தியாயம் பாக்கி.

புது வருடத்து நாள்காட்டி வந்ததும் சென்றாயன் அதை வாத்தியாரிடம் கொண்டுவந்து காட்டினார். பன்னிரண்டு மாதத்துக்கும் நவமி முடியும் நேரத்தையெல்லாம் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார். மத்தியானத்தில், மூன்றரை மணி பஸ்ஸைப் பிடிக்கத் தோதாக நவமி முடிகிற நாட்களுக்கு இரட்டை வட்டம்.

"நாலு நாளுதான் தேறுதுங்க சாமி," என்றார். "மேடத்துக்கிட்ட இப்பவே சொல்லி வெச்சுருங்க."