கனி சார் மாற்றிக்கொடுத்த மார்க்குகள்

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். கனி சார் இறந்துபோனார் என்று இயற்பியல் செல்வராஜ் போன் செய்தபோது, எப்படி, எப்போது என்று நான் கேட்கவில்லை. "கூட்டம் எப்படிய்யா?" என்றுதான் வாயில் வந்தது.

"தெரு கொள்ளல சார். கூடலூர்ல இருந்தெல்லாம் வந்திருக்காக."

போனை வைத்ததும் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். துக்கம்தான் என்று நினைத்துக்கொண்டு தேனியில் பஸ் ஏறினேன். சின்னமனூர் வருவதற்குள் தெரிந்துவிட்டது, அது பொறாமை. நான் போகும்போது பக்கத்துத் தெருவிலிருந்துகூட இத்தனை பேர் வரமாட்டார்கள்.

இந்த அஞ்சலியைப் படிக்கிற, உத்தமபாளையத்தில் அவரை அறிந்த உங்களுக்கு என்னையும் தெரிந்திருக்கும். கல்லூரி ஆசிரியர் அறையில் அவர் கணிதம், நான் ஆங்கிலம், பக்கத்துப் பக்கத்து நாற்காலி. நம் பிள்ளைகள் வெளிநாட்டுப் படிப்புக்கு மனுப்போடத் தொடங்கிய காலத்தில், விண்ணப்பம் ஆங்கிலத்தில் இருப்பதால் எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள் என்று புதுப் பேனாவெல்லாம் வாங்கி வைத்திருந்தேன். வந்தார்கள். என் நாற்காலியைத் தாண்டி அவர் நாற்காலிக்குப் போனார்கள்.

போடியிலிருந்து ஒரு ஏலக்காய் வியாபாரி மகனின் மார்க் ஷீட்டோடு வந்தார். "சார், நம்ம மார்க்க அமெரிக்க மார்க்கா மாத்த இன்னிக்கு என்ன ரேட்டு? கம்மின்னா சொல்லுங்க, டாலர் ஏறட்டும், பொறவு மாத்திக்கிறேன்."

நான் மேசையில் தலைவைத்துச் சிரித்தேன். கனி சார் சிரிக்கவில்லை. "அண்ணே, ஏலத்துல ஒங்க காய ஒத்தையாவா வச்சுத் தரம் பாப்பாக? மத்த காயோட வச்சுத்தானே? மார்க்கும் அப்பிடித்தான். எத்தனைன்னு கேக்காதீக, எத்தன பேருக்கு முன்னால நிக்கிறான்னு கேளுங்க. இங்கன அறுபதுன்னா முதல் வகுப்பு. அங்கன அறுபதுன்னா ஃபெயிலுக்குப் பக்கத்து வீடு."

வியாபாரிக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பு மும்முரத்தில் நான்தான் சரியாகக் காதில் வாங்கவில்லை. அதன் பலனைப் பின்னால் அனுபவித்தேன்.

கம்பத்து ஜவுளிக்கடைக்காரர் ஒருவரின் மகன் ஜெர்மனியில் படித்தான். மொத்தத்தில் ஒன்று புள்ளி மூன்று வாங்கியிருந்தான். அதைக் கேட்ட தகப்பனார், பையனைத் திருப்பிக் கூப்பிட்டுக் கல்லாவில் உட்காரவைக்கும் முடிவோடு வந்து நின்றார்.

"மாமு, அங்க ஒன்னுதான் ஒசத்தி. நாலைத் தாண்டுனாத்தான் ஃபெயிலு," என்றார் கனி சார்.

"அப்ப எம்புள்ள?"

"மொத வரிசையில நிக்கிறான் மாமு."

அந்த மனிதர் அங்கேயே அழுதுவிட்டார். மறுநாள் ஆசிரியர் அறைக்கு ஒரு தேக்சா பிரியாணி வந்தது. நானும் இரண்டு தட்டு சாப்பிட்டேன். அது நன்றாக வேறு இருந்து தொலைத்தது.

பிறகு என் மகள் கயலின் முறை. அவள் மனுப்போட்ட அமெரிக்கப் பல்கலைக்கழகம் நாலுக்குக் குறைந்தது மூன்று மார்க் இருக்கவேண்டும் என்றது. அவள் வாங்கியது அறுபத்து நான்கு சதவீதம். பக்கத்து நாற்காலியைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. நானே நாலால் பெருக்கி நூறால் வகுத்து, இரண்டு புள்ளி ஐந்து ஆறு என்று விண்ணப்பத்தில் புதுப் பேனாவால் அழகாக எழுதினேன். அதைப் பார்த்த கயல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"ஒங்க வீம்புக்கு எம்புள்ளயா கெடச்சா?" என்றாள் என் மனைவி. "கனி அண்ணங்கிட்ட ஒரு வார்த்த கேட்டா ஒங்க கிரீடம் எறங்கிருமா?"

"கணக்கு கணக்குதான். அவரு தொட்டா மட்டும் கூடிருமா?" என்றேன்.

மறுநாள் நான் வகுப்பில் இருந்த நேரத்தில் தாயும் மகளும் பஸ் ஏறிக் கனி சார் வீட்டுக்குப் போய்வந்துவிட்டார்கள். கயலுக்கு இடம் கிடைத்தது. ஊரே என்னை நிறுத்திச் சொன்னது: "கனி சார் ஒங்க மகள அமெரிக்கா அனுப்பிட்டாகளாமே!" பெற்றவன் நான், ஃபீஸ் கட்டியவன் நான்.

அவரோ, "பொண்ணு கெட்டிக்காரி சார். எனக்கு வேலையே வைக்கல," என்றார். தன்னடக்கம் என்று நினைத்து இன்னும் எரிந்தேன். அடக்கத்திலும் அவருக்கே முதலிடம்.

இன்றைக்கு ஒரு மாணவன் மார்க்கைச் சொல்லி முகம் தொங்கி நின்றால், "வகுப்புல நீ எங்கன நிக்கிறே?" என்று கேட்கிறேன். அது கனி சார் கேள்வி. இத்தனை நாள் என் சரக்குபோல விற்றுவந்தேன். இனி அவர் பெயரைச் சொல்லியே கேட்பேன். அவர்மேல் பட்ட பொறாமையையும் நானே வைத்துக்கொள்கிறேன். அந்த அளவுக்குப் பொறாமைப்பட இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் வேறு ஆள் இல்லை.

இதை எழுதும்போது ஒரு சந்தேகம் வந்து அமெரிக்காவுக்குப் போன் போட்டேன். கனி மாமா எந்தச் சூத்திரத்தில் உன் மார்க்கை மாற்றினார் என்று கயலைக் கேட்டேன்.

"மாத்தவே இல்லப்பா. நம்ம ஊரு மார்க்க அப்பிடியே எழுதச் சொன்னாக, இங்கன அது முதல் வகுப்புன்னு யுனிவர்சிட்டிக்காரங்களே பாத்துக்குவாகன்னு. நீங்க எழுதுன நம்பர் மேல வெள்ளை மை தடவுனாக. அது காயுற வரைக்கும் டீ குடிச்சோம்."