மூன்றாம் மாடிச் சுடுதண்ணீர்

பொம்மனஹள்ளியில், வைத்தியத்துக்காக வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தங்கும் லாட்ஜ் ஒன்றில் ரிசப்ஷனில் இருந்தேன். கரண்ட் வீணாகக் கூடாதென்று முதலாளி எல்லா மாடிகளின் கீசர் சுவிட்சுகளையும் என் மேசைக்குப் பின்னால் வைத்திருந்தார். காலை ஐந்தரை முதல் ஏழரை வரை சுடுதண்ணீர். மரியாதையாகக் கேட்டால் ஒன்பது வரை விடுவோம். சொடக்குப் போட்டுக் கூப்பிடுகிறவர்களுக்கு ஏழரை என்றால் ஏழரைதான். இதில் எனக்குக் கூச்சமே இருந்ததில்லை.

ஒரு நாள் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு ஆள் ஆதார் அட்டையை என் கையில் தராமல் மேசையில் வீசினார். பின்னால் அவர் மனைவி இரண்டு கைகளிலும் பைகளோடு நின்றார். நான் ரிஜிஸ்டரில் எழுதத் தொடங்கினேன்.

"ஏம்மா, படிச்சவங்க யாரும் இல்லையா இங்க?"

"நான் பி.காம், சார்."

"பாத்தா தெரியல."

எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் எல்லோரும் கைநாட்டு. அந்தப் பட்டத்துக்கு என்ன பாடுபட்டேன் என்று அவருக்கு எதற்குச் சொல்ல வேண்டும்? சாவியைக் கொடுத்தேன். யாருக்கு வைத்தியம் என்று கேட்கவில்லை.

அறை பெருக்கும் அக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "பிடு கண்ணு, உட்டுத் தள்ளு. வாய் அவருகிட்ட கீது, சுச்சு நம்மகிட்ட கீது" என்றார்.

மூன்றாம் மாடியில் அந்த வாரம் அவர்கள் மட்டும்தான். இரண்டு நாள் காலையில் நான் சுவிட்சைப் போடவே இல்லை. அவர் போனில் கத்தினார். "கீசர் ரிப்பேர், சார்" என்றேன். இனிப்பாக இருந்தது.

மூன்றாம் நாள் விடியலில் அந்த அம்மா ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டோடு படியிறங்கி வந்தார். உதடு வெளுத்திருந்தது.

"கொஞ்சம் சுடுதண்ணி கிடைக்குமா கண்ணு? நேத்து எனக்கு ஆபரேஷன் பண்றதா இருந்துச்சு. பச்சத்தண்ணில குளிச்சேனா, காய்ச்சல் வந்துடுச்சு. தள்ளி வச்சுட்டாங்க."

ஆபரேஷன் இவருக்கா? பைகளைச் சுமந்து நின்றவருக்கா?

"நான் கீழ வந்தது அவருக்குத் தெரிய வேணாம்" என்றார். "நான் போய்க் கெஞ்சுனேன்னு ஏசுவாரு."

சொல்ல மாட்டேன் என்றேன். சுவிட்சைப் போட்டுவிட்டு, எங்கள் கெட்டிலில் காய்ச்சிய தண்ணீரைப் பக்கெட்டில் ஊற்றி நானே மேலே தூக்கிப் போனேன். அறைக்குச் சற்று முன்னால் வாங்கிக்கொண்டார். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அதற்காக இன்றும் எனக்கு என்மேல்தான் கோபம்.

எட்டு மணிக்கு அந்த ஆள் இறங்கி வந்தார். தலை ஈரமாக இருந்தது.

"பாத்தியா? ரெண்டு சத்தம் போட்டாத்தான் உங்களுக்கெல்லாம் வேலை நடக்குது."

உங்கள் வாயால்தான் சுடுதண்ணீர் இரண்டு நாள் நின்றது என்று சொல்ல நாக்கு துடித்தது. வாக்குக் கொடுத்திருந்தேன். அந்த அம்மா கிளம்பும்வரை மூன்றாம் மாடி சுவிட்சை நான் அணைக்கவே இல்லை. அடுத்த ஊரிலும் அந்த ஆள் இப்படித்தான் கத்துவார். அங்கேயும் பச்சைத்தண்ணீரில் குளிக்கப்போவது அவர் இல்லை.