எசனில் மூன்று சனிக்கிழமை கன்ட்ரி பாட்டு

என்னைப் போல ஒரு விசரனை ஜெர்மனியின் எசன் நகரம் கண்டிருக்காது. குதிரையில் ஒருநாளும் ஏறியதில்லை, கிட்டார் பிடிக்கத் தெரியாது, ஆங்கிலம் பாதிதான் விளங்கும். இருந்தும் அமெரிக்க மாட்டுக்காரர்களின் கன்ட்ரி பாட்டுக்கு இங்கே ஒரு வானொலி நிகழ்ச்சி நடத்தப் புறப்பட்டேன்.

பார்சல் வான் ஓட்டும்போது பிடித்த பைத்தியம் அது. வாசலுக்கு வாசல் அழைப்புமணிப் பலகையில் துருக்கி, சிரியா, போலந்து, யாழ்ப்பாணம் என்று பல ஊர் ஆட்களின் பெயர்கள். வான் ரேடியோவில் கேட்ட கன்ட்ரி பாட்டுகளிலோ விட்டு வந்த வீடு, நீண்ட தெரு, அம்மா. ஊரை விட்டு வந்தவர்கள் நிறைந்த நகரத்துக்கு இதைவிட வேறென்ன பாட்டு வேண்டும்? வானுக்குள் தனியே இருந்து யோசித்தால் எந்தத் தத்துவமும் சரியாகத்தான் படும்.

உள்ளூர் மக்கள் வானொலியின் பொறுப்பாளர், ஒரு ஜெர்மன் பெண்மணி, மூன்று சனிக்கிழமைப் பின்னேரங்கள் தந்தார். “அதற்குள் ஒரு நேயராவது போனில் பாட்டு நல்லது என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நேரம் வேறு ஆளுக்கு.”

முதல் கிழமை ஜெர்மன் மொழியான டொச்சிலும் தமிழிலும் மாறி மாறிக் கதைத்தேன். போன் விளக்கு எரியவில்லை. எழும்பினேன், இருந்தேன், வயர் கழன்றுவிட்டதோ என்று மேசைக்குக் கீழே புகுந்து பார்த்தேன். கழலவில்லை. இரண்டாம் கிழமை ஒருவர் போன் எடுத்து உதைபந்தாட்ட முடிவு கேட்டார்.

அதன்பிறகு தமிழ்க் கடை வாசலில் நின்று நிகழ்ச்சிக்குப் போன் எடுக்கச் சொல்லி வருவோர் போவோரைக் கெஞ்சினேன். ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்யும் ஓர் அக்கா கத்தரிக்காயை அமத்திப் பார்த்தபடி சொன்னார்:

“பாட்டுக்கு ஆர் தம்பி போன் எடுக்கிறது? பிறந்தநாள் வாழ்த்து வாசிப்பீங்களோ?”

“ஓம் அக்கா, வாசிப்பன்!”

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மூன்றாம் கிழமை முதல் பாட்டு முடியமுன்பே விளக்கு எரிந்தது, பிறகு அணையவேயில்லை. பாட்டின் சத்தத்தைக் குறைத்து அதன் மேலே வாழ்த்து வாசித்தேன். வாழ்த்துபவர்கள் கனடாப் பெரியப்பா, லண்டன் சித்தி, பாரிஸ் மாமாக்கள் மூவர். ஒருவரை விட்டால் அடுத்த நிமிடம், இணையத்தில் கேட்டுக்கொண்டிருந்த அவர் வீட்டிலிருந்து போன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பொறுப்பாளருக்கு முகமெல்லாம் சிரிப்பு. தமிழ் விளங்காத அவருக்கு அத்தனையும் கன்ட்ரி இசையின் மகிமை.

உள்ளே வந்து என் காதுக்குள், “இப்போது ஒருவரிடம் பாட்டைப் பற்றிக் கேளுங்கள். எனக்கும் விளங்க, டொச்சில்,” என்றார்.

இணைப்பில் இருந்தவர் அதே கத்தரிக்காய் அக்கா. அவருடைய பேத்தியை வாழ்த்துவோரின் பட்டியல் பாதியில் நின்றது.

“அக்கா, பாட்டு எப்படி?” என்று டொச்சில் கேட்டேன்.

அக்காவும் டொச்சிலேயே வெட்டினார்: “பாட்டை நிப்பாட்டிப்போட்டு மிச்சப் பேரை வாசியுங்கோ.”