தீ வைக்கும் முன் வந்த அஸர்

அன்று பிற்பகல் என் மனைவியின் படுக்கை காலியாகக் கிடந்தது. போர்வை தரையில் விழுந்திருந்தது. கதவு திறந்து கிடக்க, மழைச்சாரல் உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. இத்தனை காலம் கழித்து இதை எழுத உட்காரும்போதும் அந்தத் திறந்த கதவுதான் முதலில் கண்ணில் வருகிறது.

நடந்தது உடும்பஞ்சோலைப் பக்கம். கேரளம் என்று புது மாநிலம் வந்த அடுத்த வருஷம், ஆவணி மாத மழையில். எங்களுக்குச் சொந்த ஊர் கொல்லங்கோடு. அத்தா காலத்திலிருந்தே மளிகை வியாபாரம். நான் மட்டும் ஏலக்காயில் ஆசைப்பட்டு, மலையில் ஒரு சிறு தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தேன். கல்யாணமான கையோடு மைமூனையும் அழைத்துக்கொண்டு மேலே ஏறினேன். வேண்டாம் என்று சொந்தபந்தம் எல்லாம் சொல்லிப் பார்த்தது. நான் யார் பேச்சைக் கேட்டேன்?

மலை அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. குளிர்காய்ச்சல் பிடித்துக்கொண்டது. குளிர் ஏறினால் எத்தனை போர்வை போட்டாலும் கட்டிலே ஆடும். பிறகு உடம்பு கொதிக்கும், நினைவு தடுமாறும். அன்று காலை கொஞ்சம் தெளிவாக இருந்தாள். அந்த தைரியத்தில் நான் ஆட்களோடு தோட்டத்துக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் ஆளைக் காணோம்.

வீட்டுக்குக் கீழே ஓடை. மழையில் அது கரை புரண்டு ஓடியது. காய்ச்சல் வேகத்தில் எழுந்து அந்தப் பக்கம் போயிருந்தால்? அதற்கு மேல் நினைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஆட்கள் நாலா பக்கமும் தேடினார்கள். நான் ஓடைக்கரையிலேயே கத்திக்கொண்டு ஓடினேன். பாறை இடுக்கில் ஏதோ துணி சிக்கியிருப்பதைப் பார்த்துக் கதறிவிட்டேன். ஒரு ஆள் இறங்கி எடுத்தான். பழைய கோணிக் கிழிசல்.

இதற்கிடையே வேலையும் நிற்கவில்லை. ஏலக்காய் உலர்த்தும் அறையை நாங்கள் ஸ்டோர் என்போம். ஜன்னல் இல்லாத அறை. உள்ளே தட்டுத் தட்டாகப் பரண். அடியில் தகரக் குழாய் ஓடும். வெளியே இருக்கும் அடுப்பில் தீ போட்டால், அந்தக் குழாய் வழியாக அறை முழுவதும் சூடேறும். பறித்த காயை அன்றைக்கே சூட்டில் வைக்காவிட்டால் பச்சை நிறம் போய்விடும். அதனால் தீக்காரன் மாடசாமி இரண்டு பெண்களை வைத்துக் காயைப் பரண்களில் பரப்பி, கதவை இறுக்கிப் பூட்டி, அடுப்பில் விறகும் அடுக்கிவிட்டான். அவன் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். வேலையில் கெட்டி. நான் ஓடையிலிருந்து தொப்பலாக நனைந்து ஏறி வந்தபோது என் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

“மொதலாளி, தப்பா நெனைக்காதிய. தீயப் போட்டுரட்டுமா? காய் வெளுத்துரும்.”

வழக்கமாகத் தீ பிடித்து, சூடு ஏறுவதைப் பார்த்துவிட்டுத்தான் நான் வீட்டுக்குப் போய், பொழுது சாய்வதற்குள் தொழ வேண்டிய அஸரைத் தொழுவேன். கடைசி நேரத்தில் அவசர அவசரமாகத் தொழுவேன். அன்று எனக்கு என்ன தோன்றியதோ தெரியவில்லை. அது என் பக்தி என்று சொல்லமாட்டேன். அல்லாஹ்வைத் தவிர வேறு யாரிடமும் பேச எனக்கு வார்த்தை இல்லை.

“இருப்பா. அஸர் வந்திருச்சு. தொழுதுக்கறேன், பொறவு போடலாம்” என்றேன்.

வீடு வரை ஏற உடம்பில் தெம்பு இல்லை. ஸ்டோரின் சாய்ப்பிலேயே கைகால் கழுவி ஒளூச் செய்து, மேற்கே இருந்த ஸ்டோர்ச் சுவரைப் பார்த்து நின்று, தக்பீர் கட்டித் தொழத் தொடங்கினேன். ஓதியது பாதி நாக்கில் வரவில்லை. சுஜூதில் நெற்றியைத் தரையில் வைத்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யா அல்லாஹ், அவளை உயிரோடு கொடு, இல்லையென்றால் உடம்பையாவது காட்டு என்று மனதுக்குள் கெஞ்சினேன். வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை.

அந்தச் சுவரில் தரையை ஒட்டிக் காற்று போக ஒரு சிறு துவாரம் உண்டு. நின்றால் கண்ணில் படாது. என் தலை அதன் பக்கத்தில் இருந்தது. உள்ளேயிருந்து முனகல் கேட்டது. பூனை என்று நினைத்தேன். இரண்டாவது சுஜூதில் மறுபடியும் கேட்டது.

“ஏனுங்க... குளுருதுங்க...”

தொழுகையை முறித்துக்கொண்டு எழுந்தேன். திரும்பிப் பார்த்தால் அடுப்பின் வாயில் மாடசாமி குந்தியிருக்கிறான். கையில் மண்ணெண்ணெய்ப் பந்தம் எரிந்துகொண்டிருக்கிறது. நான் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும் வைத்துவிடலாம் என்று தயாராக இருந்திருக்கிறான்.

பாய்ந்துபோய் அவன் கையைத் தட்டிவிட்டேன். பந்தம் சேற்றில் விழுந்து அணைந்தது. கதவைத் திறந்தோம். கடைசி மூலையில், அடிப்பரணுக்கும் கீழே, பழைய கோணிகளைச் சுற்றிக்கொண்டு குழாயை அணைத்தபடி மைமூன் கிடந்தாள். அந்த மூலையில் கோணிகள் எப்போதும் குவிந்து கிடக்கும், காய் பரப்பியவர்கள் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. காலையில் நாங்கள் போனதும் அவளுக்குக் குளிர் ஏறியிருக்கிறது. முந்தின சூடு குழாயில் மிச்சம் இருக்கும் என்று தவழ்ந்து வந்து ஒண்டியிருக்கிறாள். குளிர்காய்ச்சல்காரர்கள் வெறும் ஸ்டோரில் போய் முடங்குவது எங்கள் மலையில் புதிதல்ல. ஆனாலும் அன்று எங்கள் ஒருவர் புத்திக்கும் அது எட்டவில்லை. மாடசாமி வாசற்படியிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். நான் கோணியோடு சேர்த்து அவளை வெளியே தூக்கி வந்தேன்.

தூளி கட்டி அவளைக் கீழே ஆஸ்பத்திரிக்குச் சுமந்துபோனோம். குளிர் வரும்போது மட்டும் மாத்திரை கொடுத்தால் எப்படி ஐயா நிற்கும், நேரத்துக்குக் கொடுக்க வேண்டாமா என்று டாக்டர் திட்டினார். திட்டு வாங்க வேண்டியதுதான். நேரம் தவறாமல் கொடுத்தோம். அல்ஹம்துலில்லாஹ், எழுந்து நடமாடினாள்.

அன்றிலிருந்து எங்கள் தோட்டத்தில் வேலையின் வரிசையே மாறிவிட்டது. காய் பரப்பியதும் பூட்டுவதில்லை. முதலில் அஸர். பிறகு விளக்கோடு உள்ளே போய் மூலை முடுக்கெல்லாம் பார்த்து, ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அதற்கப்புறம்தான் தீ. ஆட்களுக்கும் அந்த நேரத்தில் உட்கார்ந்து காப்பி குடிக்க முடிந்தது. காயும் முன்னைவிடப் பச்சையாக வந்தது. ஈரம் வடிய நேரம் கிடைத்ததாலோ என்னவோ, எனக்கு அது அல்லாஹ் அருளிய பரக்கத்தாகவே பட்டது. மாடசாமி கும்பிடுகிற சாமி வேறு. ஆனால் ஒருநாள்கூட அவன், “மொதலாளி, தொழுதுட்டியளா?” என்று கேட்காமல் தீப்பெட்டியைக் கையில் எடுத்ததில்லை.

சகோதரர்களே, நான் மார்க்கம் படித்த ஆலிம் இல்லை, உங்களுக்கு உபதேசம் செய்யும் தகுதியும் இல்லை. நான் கேட்டது துஆ. அதற்குப் பதில் வந்த நேரம் தொழுகையின் நேரம். கொஞ்சம் முடித்துவிட்டுத் தொழலாம் என்று இனி உங்களுக்குத் தோன்றினால் என் மைமூனை நினைத்துக்கொள்ளுங்கள். வேலையைக் கீழே வைத்துவிட்டுப் போய் அல்லாஹ்வின் முன் நில்லுங்கள். நீங்கள் மூடி வைத்த கதவுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்பது அவனுக்குத் தெரியும்.